கார்பெட் கெட்டுப்போனால் டெபாசிட்டில் எவ்வளவு பிடிக்கலாம்?

குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். சாவி கைக்கு வந்துவிட்டது. படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், ஜன்னலோரம் இஸ்திரிப்பெட்டி முக்கோணமாகப் பதிந்து கார்பெட் கருகிக் கிடக்கிறது. வரவேற்பறையில் சாப்பாட்டு மேசை போட்டிருந்த இடம் முழுக்க மஞ்சள். டெபாசிட்டில் ஒரு பென்னிகூடத் தரக்கூடாது என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கோபத்தோடு தொலைபேசியை எடுக்காதீர்கள். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டு எடுங்கள்.

ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டனைச் சுற்றி வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணத்தைக்கூடப் பல வீட்டுக்காரர்கள் இழக்கிறார்கள். சட்டம் அடுத்தவர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உண்மையில், கையில் தாள் இல்லாததால்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். கார்பெட் வழக்கு காலி செய்யும் நாளில் ஜெயிப்பதில்லை. குடிவரும் நாளிலேயே ஜெயிக்கிறது, அல்லது தோற்கிறது.

இங்கே சொல்லும் சட்ட விவரம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் வேறு.

முதலில்: அந்தப் பணம் யாருடையது?

டெபாசிட் வாடகைக்காரரின் பணம். நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு பவுண்டு எடுக்க வேண்டுமானாலும் ஏன், எவ்வளவு என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. "நான் கெடுக்கவில்லை" என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. இது மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

சட்டத்தில் நீங்கள் மறக்கக்கூடாதவை நான்கு:

1. 2007 ஏப்ரல் 6 முதல், தனியார் வாடகை வீட்டு டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். மூன்று திட்டங்கள் உள்ளன: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். பணத்தைத் திட்டத்திடமே ஒப்படைத்துவிடும் முறைக்குக் கட்டணம் இல்லை. பணத்தை நீங்களே வைத்துக்கொண்டு காப்பீட்டுக் கட்டணம் செலுத்தும் முறையும் உண்டு.

2. பணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிந்து, அதன் விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். டெபாசிட்டை வாடகைக்காரருக்காக அவருடைய அண்ணனோ மாமாவோ கட்டியிருந்தால், கட்டியவருக்கும் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பது, அடிக்கடி மறப்பதும்கூட.

3. பதியாமல் விட்டால் டெபாசிட் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் உங்களைக் கட்டச் சொல்லலாம். வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்றம் போகும்போதும் இது தடையாக நிற்கும்.

4. 2019 ஜூன் 1 முதல் டெபாசிட்டுக்கு உச்சவரம்பு உண்டு. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவானால் 5 வார வாடகை. அதற்கு மேலென்றால் 6 வாரம். மாத வாடகையை 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்து, 5ஆல் பெருக்குங்கள். மாதம் 1,560 பவுண்டு வாடகை என்றால் உச்சத் தொகை 1,800 பவுண்டு.

"கோயிலில் பழக்கமான குடும்பம், நம்ம ஆட்கள், தாள் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழக்கம் இருப்பதால்தான் தாள் வேண்டும். தாள் இருந்தால் சண்டை முந்நூறு பவுண்டோடு முடியும். இல்லாவிட்டால் இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாத நிலைக்கு வந்துவிடும்.

குடிவருவதற்கு முன்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

1. கார்பெட் வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். தேதி, சதுர மீட்டர் விலை, அடிவிரிப்பு விலை, விரித்த கூலி நான்கும் அதில் தெரிய வேண்டும். புதிதாக வாங்கும்போது அறைவாரியாக விலையைப் பிரித்து எழுதித் தரும்படி கடையில் கேளுங்கள். மாடி முழுவதற்கும் ஒரே தொகை போட்ட ரசீது பின்னால் ஓர் அறைக்கு மட்டும் கணக்குப் போடும்போது உதவாது.

2. விரிக்க வந்தவர் வெட்டி எறியும் மிச்சத் துண்டை வாங்கி வையுங்கள். கார்பெட் 4 மீட்டர், 5 மீட்டர் அகலச் சுருளாக வருவதால் மிச்சம் பெரும்பாலும் இருக்கும். அறை பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டிக் கூரையறையில் போட்டுவிடுங்கள். நாளைக்கு ஒரு கருகலை ஒட்டுப்போட இந்தத் துண்டுதான் வேண்டும்.

3. நன்றாகச் சுத்தம் செய்து கொடுங்கள். அழுக்காகக் கொடுத்த கார்பெட்டைச் சுத்தமாகத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. தொழில்முறைச் சுத்தம் செய்திருந்தால் அந்த ரசீதையும் கோப்பில் வையுங்கள்.

4. படம் எடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு கதவு வாசல், ஜன்னலோரம், படிக்கட்டின் ஒவ்வொரு படி, ஏற்கனவே உள்ள கறைகள். கறையை எடுக்கும்போது பக்கத்தில் அளவுநாடா வையுங்கள். திரைச்சீலையை விலக்கி, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் மஞ்சள் கறை தெரியாது.

5. அறைவாரியாகப் பட்டியல் எழுதுங்கள். "கார்பெட்: நல்ல நிலை" என்று எழுதிவிட்டால் போதாது. "முன் படுக்கையறை: சாம்பல் நிற பாலிப்ரொப்பிலீன் கார்பெட், 2022 மார்ச்சில் புதிதாக விரித்தது, சுத்தமாக உள்ளது, கதவுக்கு உள்ளே 30 சென்டிமீட்டரில் சிறு நீலப் பேனாக் கோடு ஒன்று" என்று எழுதுங்கள். உள்ள குறையைச் சொல்லும் பட்டியலைத்தான், தகராறு வந்தால் டெபாசிட் திட்டம் வைக்கும் நடுவர் நம்புவார்.

6. குடிவந்தவரிடம் பட்டியலின் பிரதியைக் கொடுத்து, ஏழு நாளுக்குள் பார்த்துத் திருத்தம் இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். திருத்திய பிரதியில் இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுங்கள்.

குறிப்பு: "வெளியேறும்போது தொழில்முறை நிறுவனத்தை வைத்துத்தான் கார்பெட் சுத்தம் செய்ய வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். டெபாசிட்டுக்கு உச்சவரம்பு வைத்த அதே 2019 சட்டப்படி அது செல்லாது. "குடிவந்தபோது இருந்த அளவு சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதலாம். அவர் வாடகை இயந்திரம் எடுத்துத் தானே செய்தாலும், சுத்தமாக இருந்தால் உங்களுக்குப் போதும்.

குடியிருக்கும் காலத்தில்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பாருங்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, அவர் வசதியைக் கேட்டுப் போங்கள். குழந்தை தூங்கும் நேரம், பூசை நேரம் வேண்டாம். கார்பெட்டில் புதுக் கறை தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள்; அன்று மாலையே ஒரு குறிப்பும் அனுப்புங்கள். தண்ணீர்க் கசிவோ சுவரில் ஈரமோ தெரிந்தால் அது உங்கள் வேலை. ரேடியேட்டர் கசிந்து ஊறிப்போன கார்பெட்டுக்கு வாடகைக்காரரிடம் பணம் கேட்க முடியாது, அவர் உங்களுக்குச் சொல்லாமல் மறைத்திருந்தாலொழிய.

குடிவரும் நாளிலேயே கறை பட்டால் என்ன செய்வது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

1. கட்டியாக இருப்பதைக் கரண்டியால் வழித்தெடுக்கவும்.
2. வெள்ளைத் துணியால் அழுத்தி ஒற்றவும். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் இழை பிரிந்து கறை பரவும்.
3. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றவும். ரத்தம், பால், முட்டைக்குச் சுடுநீர் கூடாது. சூடு பட்டால் கறை இறுகிவிடும்.
4. எந்தத் திரவத்தையும் முதலில் அலமாரிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதிக்கவும்.
5. காயும்வரை அதன்மேல் எதையும் வைக்க வேண்டாம்.

மஞ்சள் கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கார்பெட்டுக்கு முதல் எதிரி குழம்புதான். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது. எண்ணெயோடு சேர்ந்து இழைக்குள் இறங்கிவிடும். பதறிப்போய்த் துணி சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்தால் கறை சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதும் இதே காரணத்தால்தான்: காரத்தன்மை. பயந்துவிட வேண்டாம், சிறிது வினிகர் கலந்த நீரால் ஒற்றினால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். முதலில் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த நீரால் ஒற்றி எடுங்கள். மிஞ்சும் மஞ்சளை வெயிலுக்கு விடுங்கள். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். ஜன்னல் வெயில் விழும் இடமானால் சில நாளில் நன்றாகக் குறைந்துவிடும். நானூறு பவுண்டு சண்டை ஒன்று வெயிலில் முடிந்துபோகும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தேய்மானமா, சேதமா?

நியாயமான பயன்பாட்டாலும் காலத்தின் இயற்கையான போக்காலும் வருவது தேய்மானம். அதற்குப் பிடித்தம் இல்லை. கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ வருவது சேதம்.

கட்டில் கால் பதிந்த குழி, நடைபாதையில் இழை படுத்துப்போனது, வெயில் பட்டு வெளுத்தது, படிக்கட்டு விளிம்பில் நூல் மெலிந்தது எல்லாம் தேய்மானம். இஸ்திரிக் கருகல், சிகரெட் சுட்ட ஓட்டை, ப்ளீச் கொட்டி நிறம் போனது, நாய் பிராண்டிய மூலை, பெயின்ட் சிந்தியது எல்லாம் சேதம். நடுவில் வருபவைதான் தொல்லை. இரண்டு குழந்தைகளோடு நான்கு ஆண்டு குடியிருந்த வீட்டில் நாலைந்து வெளிறிய புள்ளிகள் இருப்பது இயல்பு. தனியாள் ஆறு மாதம் இருந்த அறையில் அதே புள்ளிகள் இருந்தால் கேள்வி கேட்கலாம். குழந்தைகள் உள்ள குடும்பம் என்று தெரிந்துதானே வீட்டைக் கொடுத்தீர்கள்? நடுவரும் அப்படித்தான் பார்ப்பார்: எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன தரத்துக் கார்பெட்.

பலரும் தவறாகப் பழி போடும் ஒன்று உண்டு. சுவரோரம், பலகையை ஒட்டியபடி, பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு ஓடும். கதவுக்கு அடியிலும் இருக்கும். "கூட்டவே இல்லை" என்று வாடகைக்காரரைத் திட்டுவார்கள். குனிந்து விரலால் தொட்டுப் பாருங்கள். கோடு ஓர் அங்குலத்துக்குள்தான் இருக்கும், நேராக இருக்கும். தரைப்பலகை இடுக்கு வழியாகவும் கதவின் கீழ் இடைவெளி வழியாகவும் காற்று ஏறி இறங்கும்போது, அதிலுள்ள நுண்தூசியைக் கார்பெட் வடிகட்டி வைத்துக்கொள்கிறது. பழைய லண்டன் வீடுகளில் மரத்தளம் என்பதால் இது சாதாரணம். தினமும் வாக்யூம் செய்தாலும் வரும். இதற்குப் பிடித்தம் கேட்டால் உங்கள் நியாயமான மற்றக் கோரிக்கையின் மதிப்பும் குறையும். இடுக்கை அடைப்பது வீட்டுக்காரர் வேலை.

காலி செய்யும் நாளில்

1. வாடகைக்காரரையும் கூட வரச் சொல்லுங்கள். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, பகலில் பாருங்கள். அவர் வர முடியாவிட்டால் அழைத்த செய்தியாவது கையில் இருக்கட்டும்.
2. குடிவந்த நாள் பட்டியலைக் கையில் வைத்து, அதே வரிசையில் அறை அறையாகப் போங்கள்.
3. முன்பு நின்ற அதே மூலையில் நின்று படம் எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.
4. கறையை அளந்து எழுதுங்கள்.
5. அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். "இது நாங்கள் வரும்போதே இருந்தது" என்றால் அதையும் எழுதி, உங்கள் பட்டியலில் அந்த இடத்தைக் காட்டுங்கள்.
6. அங்கே தொகை பேசாதீர்கள். லாரி வெளியே நிற்கிறது, குழந்தை அழுகிறது, எல்லாருக்கும் களைப்பு. அந்த நேரத்தில் சொல்லும் தொகை எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்.

சாவி வாங்கிய அன்றே அல்லது மறுநாளே இதைச் செய்து முடியுங்கள். இடையில் பெயின்டரையோ புதுக் குடியிருப்பவரையோ உள்ளே விட்டுவிட்டால், கறையை யார் போட்டது என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

கணக்கு: பழையதற்குப் புதியது கிடைக்காது

முதலில் எந்த வழி என்று தீர்மானியுங்கள். சுத்தம் செய்தால் போகுமா என்று பாருங்கள். போகாவிட்டால் ஒட்டுப்போட முடியுமா? இரண்டும் இல்லை, ஆனால் கார்பெட் இன்னும் பயன்படும் நிலையில் இருக்கிறது என்றால், மதிப்புக் குறைந்ததற்கு ஒரு நியாயமான ஈட்டுத்தொகை மட்டும் கேளுங்கள். மாற்றுவது கடைசி வழி. கட்டிலுக்கு அடியில் ஒரு பத்துப்பென்னி நாணயம் அளவு கறைக்காக அறை முழுவதும் மாற்றும் செலவைக் கேட்பவர் ஒரு பென்னியும் பெறாமல் போகலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், கார்பெட்டின் மிச்ச ஆயுளுக்கு மட்டும்தான் பணம். கணக்கு இதுதான்:

அதே தரத்துக் கார்பெட்டை இன்று விரிக்க ஆகும் செலவு ÷ மொத்த ஆயுள் × மிச்ச ஆண்டுகள்.

ஓர் உதாரணம். படுக்கையறை கார்பெட், அடிவிரிப்பும் கூலியும் சேர்த்து 480 பவுண்டு. வாங்கி 3 ஆண்டு ஆகிறது. நடுத்தரம், எனவே ஆயுள் 8 ஆண்டு என்று வையுங்கள். ஆண்டுக்கு 60 பவுண்டு. மிச்சம் 5 ஆண்டு. இஸ்திரிக் கருகல் அறை நடுவில், துண்டும் கைவசம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். கேட்கக்கூடியது 300 பவுண்டு. அடிவிரிப்பு கெடவில்லை என்றால் அதன் விலையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அதே அறை, மிச்சத் துண்டு கூரையறையில் இருக்கிறது, ஒட்டுப்போட ஆள் 90 பவுண்டு கேட்கிறார் என்றால்? 90 பவுண்டுதான். ஒட்டுப் போட்டது லேசாகத் தெரிந்தால் அதற்குச் சிறு ஈடு சேர்க்கலாம்.

அதே கார்பெட் 9 ஆண்டு பழையது என்றால்? பூஜ்யம். கணக்குப்படி அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இது பலருக்குக் கசக்கும். ஆனால் அந்த ஒன்பது ஆண்டும் வாடகை வந்திருக்கிறது. அந்தக் கார்பெட் தன் விலையை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆயுள் இவ்வளவு என்று சட்டத்தில் அட்டவணை கிடையாது. மலிவு ரகத்துக்கு 5 ஆண்டு வாக்கில், நல்ல கம்பளி ரகத்துக்கு 10 அல்லது அதற்கு மேல் என்று சொல்லலாம். படிக்கட்டு, நடைவழிக்கு எப்போதும் குறைவு. நீங்கள் எடுத்த எண்ணுக்கு ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்: ரகம், விலை, அறை.

இன்னும் மூன்று விஷயம் கவனத்தில் இருக்கட்டும்:

- சதுர மீட்டர் 12 பவுண்டு ரகம் கெட்டதற்கு 25 பவுண்டு ரகத்தை விரிப்பது உங்கள் விருப்பம். கணக்கு 12 பவுண்டு ரகத்தில்தான்.
- ஓர் அறை கெட்டால் ஓர் அறைக்குத்தான். "மாடி முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும்" என்பதற்காக மற்ற அறைகளைச் சேர்க்க முடியாது.
- சுத்தம் செய்யும் கூலிக்கு இந்தத் தேய்மானக் கழிவு வராது. சுத்தமாகக் கொடுத்தீர்கள், அழுக்காகத் திரும்பியது என்று காட்ட முடிந்தால் நியாயமான கூலியை முழுதாகக் கேட்கலாம். ஆனால் ஒரே அறைக்குச் சுத்தக் கூலியும் மாற்றும் செலவும் இரண்டும் கேட்பது கூடாது, சுத்தம் செய்து பார்த்தும் போகவில்லை என்று ரசீதோடு காட்டினாலொழிய.

எழுதிக் கேட்பது

இரண்டு இடத்தில் விலை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொனி இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் தம்பி. 14ஆம் தேதி சேர்ந்து பார்த்தபடி, முன் படுக்கையறை கார்பெட்டில் ஜன்னலருகே 20 சென்டிமீட்டர் இஸ்திரிக் கருகல் உள்ளது. குடிவந்த நாள் படம் 12இல் அது இல்லை. இப்போதைய படம் 31இல் உள்ளது. ஒட்டுப்போட முடியாது என்று கார்பெட் வேலைக்காரர் எழுதித் தந்த கடிதம் இணைப்பில். மாற்றச் செலவு 480 பவுண்டு; 8 ஆண்டு ஆயுளில் 5 ஆண்டு மிச்சம்; எனவே 300 பவுண்டு கேட்கிறேன். மீதி 1,500 பவுண்டை இப்போதே விடுவிக்கிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் ஏழு நாளுக்குள் எழுதுங்கள்."

இதன் ஆங்கிலப் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். நாளைக்கு நடுவர் முன் போனால் அவர் படிப்பது ஆங்கிலம்தான். வாட்ஸ்அப்பில் தமிழில் பேசியதும், குரல்பதிவில் "சரி அண்ணா, கழிச்சுக்கொள்ளுங்கோ" என்றதும் மொழிபெயர்த்துக் கொடுக்காவிட்டால் பயன்படாது. பேசி முடித்ததையும் அன்றே மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் எழுதி உறுதி வாங்கிவிடுங்கள்.

தகராறு இல்லாத தொகையை உடனே விடுங்கள். 300 பவுண்டுக்காக 1,800ஐயும் பிடித்து வைப்பது அடுத்த வீட்டுக்கு டெபாசிட் கட்ட வேண்டிய ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவதாகும். தொகையில் இருவரும் ஒத்துக்கொண்டால் 10 நாளுக்குள் பணம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒத்துவராவிட்டால்

டெபாசிட் திட்டமே நடுவரை வைத்துத் தீர்க்கும். கட்டணம் இல்லை. இருவரும் சம்மதித்தால்தான் இந்த வழி. சம்மதித்துவிட்டால் நடுவர் சொன்னது முடிவு. நடுவர் வீட்டுக்கு வர மாட்டார், யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவும் மாட்டார். நீங்கள் அனுப்பும் தாளும் படமும்தான் பேசும். திட்டம் தரும் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அனுப்ப வேண்டியவை, இந்த வரிசையில்:

1. வாடகை ஒப்பந்தம், அதில் டெபாசிட்டிலிருந்து பிடிக்கலாம் என்று சொல்லும் பிரிவைக் குறித்துக் காட்டவும்.
2. கையெழுத்திட்ட குடிவரவுப் பட்டியல், படங்கள்.
3. வெளியேறும் நாள் பட்டியல், படங்கள்.
4. கார்பெட் வாங்கிய ரசீது.
5. விலைமதிப்புகள் அல்லது செலவு ரசீது.
6. அரைப் பக்கக் கணக்கு.

ஐம்பது படம் அனுப்பாதீர்கள். கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் முன் ஒன்று, பின் ஒன்று, தேதியோடு போதும். "எங்கள் மனம் எவ்வளவு புண்பட்டது தெரியுமா" என்ற பத்தியையும் எடுத்துவிடுங்கள்.

சேதம் டெபாசிட்டைவிடப் பெரிதென்றால் கவுண்டி நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழி உண்டு. 10,000 பவுண்டு வரை. அங்கேயும் இதே தாள்கள்தான் வேண்டும்.

செல்லப் பிராணி

நாய், பூனைக்கென்று தனி டெபாசிட் வாங்கினாலும் மொத்தம் 5 வார வரம்பைத் தாண்டக்கூடாது. 2025 வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் பிராணி வளர்க்க அனுமதி கேட்க வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. தகுந்த காரணமில்லாமல் மறுக்க முடியாது. ஆகவே அந்த வீட்டுக் கார்பெட் படங்களை இன்னும் நெருக்கமாக எடுத்து வையுங்கள். சிறுநீர் அடிவிரிப்பு வரை இறங்கியிருந்தால் ஒரு மூலையைத் தூக்கி அதன் கீழ்ப்புறத்தையும் படமெடுங்கள். மேலே ஒன்றும் தெரியாது.

நீங்களே கை வைக்குமுன்: பாதுகாப்பு

- 2000க்கு முன் கட்டிய வீடானால், கார்பெட்டைத் தூக்கும்போது கீழே பழைய வினைல் ஓடுகளோ கறுப்புப் பசையோ தெரிந்தால் நிறுத்துங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அது முழுதாகத் தடையானது 1999இல்தான். பெயர்க்கவோ சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. ஆய்வுக்கு மாதிரி எடுப்பதையும் தெரிந்தவரிடம் விடுங்கள்.
- ப்ளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள திரவத்தையோ கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். பிராணிச் சிறுநீர் ஊறிய இடத்தில் ப்ளீச் ஊற்றுவதும் ஆபத்து. கம்பளி ரகத்தில் ப்ளீச் இழையையே கரைத்துவிடும்.
- சுவரோரப் பட்டையில் ஆணிகள் மேல்நோக்கி நிற்கும். தடித்த கையுறை போடுங்கள். முழங்காலிட்டு ஊர்ந்து போகாதீர்கள்.
- ஊறிய கார்பெட் அருகே மின்செருகி இருந்தால் முதலில் மின்சாரத்தை மெயின் பெட்டியில் நிறுத்துங்கள்.
- சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் விடாதீர்கள். அடிவிரிப்பு ஊறினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு யாரிடமும் பிடித்தம் செய்ய முடியாது.

அடுத்த கார்பெட் வாங்கும்போது

வெளிர் கிரீம் நிறம் கண்ணுக்கு அழகு; குழம்பு வைக்கும் வீட்டுக்கு வேண்டாம். நடுச் சாம்பல் அல்லது பழுப்பு, சிறு புள்ளி கலந்த முறுக்கு நூல் ரகம் எடுங்கள். பாலிப்ரொப்பிலீன் கறையைத் தாங்கும், நிறம் எளிதில் போகாது. ஆனால் இஸ்திரிச் சூட்டில் உருகும். எனவே ஒரு இஸ்திரி மேசையை வீட்டோடு சேர்த்துக் கொடுங்கள், முப்பது பவுண்டுக்குள் முடியும். சாப்பிடும் இடத்தில் கார்பெட்டே வேண்டாம், கடினத் தளம் போடுங்கள். அடுக்குமாடி வீடானால் அதற்கு முன் உங்கள் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள்: கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமலிருக்கக் கார்பெட் கட்டாயம் என்று பல பத்திரங்களில் நிபந்தனை இருக்கும்.

வரிக் கணக்கில், அதே தரத்துக்குக் கார்பெட் மாற்றிய செலவை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம். டெபாசிட்டிலிருந்து நீங்கள் பிடித்த தொகையையும் வருமானமாகக் காட்ட வேண்டும். இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு, மேலே வீட்டு முகவரியும் வரி ஆண்டும் எழுதி வையுங்கள்.